மூச்சை எண்ணினால் மருந்து மிஞ்சும்

பிறந்து இரண்டே மாதம் ஆன பச்சைக் குழந்தையின் மூக்குக்குள் நிமோனியாவை உண்டாக்கும் கிருமி குடியிருக்கும் என்றால் நம்ப மனம் வராது. தமிழகத்தின் தென்பகுதிக் கிராமங்களில் கைக்குழந்தைகளின் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு, 2001இல் வெளியானபோது அதைத்தான் சொன்னது. இரண்டு மாதக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் அந்தக் கிருமி இருந்தது. ஆறு மாதம் ஆனவர்களில் பத்துக்கு ஏழு பேரிடம் இருந்தது. இத்தனைக்கும் இவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்ல. பால் குடித்து, சிரித்து, குப்புற விழப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள்.

கிருமியின் பெயர் நிமோகாக்கஸ். மூக்கும் தொண்டையும் சேரும் இடம்தான் அதற்கு ஊர். பெரும்பாலான நாட்களில் யாருக்கும் தொந்தரவு தராமல் அங்கேயே இருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து ஒரு வகை விலகும், வேறொரு வகை வந்து சேரும். சளிக்காய்ச்சல் வைரஸ் வந்து சுவாசப் பாதையின் உள்தோலைச் சிதைத்திருக்கும் நேரத்தில் அது கீழே இறங்கி நுரையீரலுக்குள் போய்விடக் கூடும். அடுப்புப் புகையில் வளரும் பிள்ளைக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் இந்த ஆபத்து அதிகம். நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. காதுக்குள் போனால் சீழ். இரத்தத்தில் கலந்து மூளையின் உறையை எட்டினால் மூளைக்காய்ச்சல்.

மூக்கில் இருப்பதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகும் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நோய் வந்த நுரையீரலில் அல்ல.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டை என்று புதுக்கோட்டை மாவட்டத்தின் எந்தக் கடைத்தெரு மருந்துக்கடையில் நின்றாலும் ஒரு குரல் கேட்கும். "புள்ளைக்கு நெஞ்சுல சளி கட்டிருக்கு. போன தடவை குடுத்தீங்கல்ல, தண்ணி ஊத்திக் கலக்குற மருந்து, அதையே குடுங்க." கேட்பவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். போன தடவை அந்த மருந்து கொடுத்த மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து விளையாடியதும் உண்மைதான்.

மருந்து கொடுக்காமல் இருந்திருந்தாலும் அநேகமாக அதே மூன்றாம் நாள் எழுந்திருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறேழு முறை சளி பிடிப்பது இயல்பு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பாக்டீரியா தனக்குச் சுவர் கட்டுவதையோ புரதம் செய்வதையோ தடுப்பதுதான் அதன் வேலை; வைரஸுக்கு அந்தச் சுவரும் இல்லை, புரதம் செய்யும் சொந்தப் பட்டறையும் இல்லை. மூக்குச்சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் கிருமி முற்றிவிட்டது என்று பயப்படுகிறோம். நோயோடு போராட வந்த வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம் அது. வைரஸ் சளியிலும் அந்த நிறம் வரும். இருமல் இரண்டு மூன்று வாரம் இழுப்பதும் சாதாரணம்.

கடுமையான நிமோனியாவில்கூட வைரஸின் பங்கு பெரிது. வங்கதேசம், தாய்லாந்து, கென்யா உட்பட ஏழு நாடுகளில், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு நிமோனியா முற்றிய குழந்தைகளை ஆராய்ந்த பெரிய ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. எக்ஸ்ரேயில் நிமோனியா உறுதியான குழந்தைகளில் நூற்றுக்கு 61 பேருக்குக் காரணம் வைரஸ், 27 பேருக்குத்தான் பாக்டீரியா என்று அது கணக்கிட்டது. ஆர்.எஸ்.வி. என்ற ஒரே வைரஸ் மட்டும் 31 பேருக்குக் காரணம். ஆனாலும் அந்த 27 பேரை மறந்துவிடக் கூடாது. அவர்களுக்கு ஆன்டிபயாடிக் கிடைக்காவிட்டால் உயிர் போகும். இந்தக் கட்டுரை முழுக்க அவர்களைப் பற்றியதுதான்.

வைரஸ் சளிக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் வயிற்றில் இறங்கி, இரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கப் போகிறது. வைரஸைத் தொடாது. ஆனால் மூக்கிலும் தொண்டையிலும் குடலிலும் சும்மா இருந்த பாக்டீரியாக்களைக் கொல்லும். மருந்துக்குச் சாகிற வகை எல்லாம் போனபின், சாகாத வகை ஒன்றிரண்டு இருந்தால் இடம் முழுக்க அதற்குத்தான். கண்மாய்க்கரையில் நாட்டு மரங்களை வெட்டிவிட்டால் அந்த இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்வதை இந்த மாவட்டத்தில் பார்க்காதவர் இல்லை, அதே கதைதான். அந்தப் பிள்ளை அடுத்த மாதம் அங்கன்வாடியில் தும்மும்போது, மருந்துக்கு அடங்காத வகை பக்கத்துப் பிள்ளையின் மூக்கில் போய் அமரும். மருந்தே சாப்பிடாத பிள்ளைக்கும் மருந்து கேட்காத நிமோனியா வருவது இப்படித்தான்.

நிமோகாக்கஸிடம் இன்னொரு திறமை உண்டு. செத்துப்போன அண்டைப் பாக்டீரியாவின் மரபுப்பொருளை உறிஞ்சித் தன் மரபில் பொருத்திக்கொள்ளும். லண்டனில் ஃபிரெடரிக் கிரிஃபித் 1928இல் இந்த விந்தையை முதலில் கண்டதும் இதே கிருமியில்தான். அந்த மாற்றத்தைச் செய்யும் பொருள் டி.என்.ஏ. என்று 1944இல் ஓஸ்வால்ட் ஏவரி குழு நியூயார்க்கில் நிறுவியதும் இதே கிருமியை வைத்துத்தான். மரபணு அறிவியலுக்கு அடித்தளம் போட்டுத் தந்த அந்த இயல்புதான் இன்று நமக்குத் தலைவலி. பென்சிலின் குடும்ப மருந்துகள் கிருமியின் சுவர் கட்டும் புரதங்களைப் பிடித்து முடக்கிக் கொல்கின்றன. வாயில் வாழும் தீங்கற்ற பாக்டீரியாக்களிடமிருந்து வேறு வடிவப் புரதத்துக்கான மரபணுத் துண்டுகளை நிமோகாக்கஸ் வாங்கி ஒட்டுப் போட்டுக்கொள்கிறது. சுவர் கட்டும் வேலை நடக்கும். மருந்தின் பிடி மட்டும் நழுவும்.

1960களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலும் பாப்புவா நியூ கினியிலும் பென்சிலினுக்கு முழுதாக அடங்காத நிமோகாக்கஸ் தென்பட்டது. 1977இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் அப்படிப்பட்ட கிருமியால் குழந்தைகள் இறந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

நம் நாட்டில் நடந்தது வேறு கதை. அதில் வேலூருக்கு முக்கிய இடம் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட 6 மருத்துவமனைகள் 1993 முதல் 1997 வரை, நிமோகாக்கஸ் இரத்தத்திலோ தண்டுவட நீரிலோ புகுந்த நோயாளிகளைத் தேடிப் பதிவு செய்தன. முடிவுகள் 1999இல் லான்செட் இதழில் வந்தன. பென்சிலினுக்கு முழுதாக அடங்காதவை நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்றே அதிகம். இது நல்ல செய்தி. கோட்ரைமாக்சசோல் என்ற மருந்துக்கு அடங்காதவையோ 56 விழுக்காடு. அந்தக் காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிராம சுகாதார செவிலியர் கையிலும் குழந்தை நிமோனியாவுக்கென்று இருந்த மருந்து அதுதான். விலை மலிவு, இரண்டு வேளை கொடுத்தால் போதும், கெட்டுப்போகாது. ஏழைக் குழந்தைக்கு அதைவிடப் பொருத்தமான மருந்து அப்போது வேறில்லை. அதை இழந்தோம். அந்த இடத்துக்கு அமாக்சிசிலின் வந்தது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அமாக்சிசிலினையும் அப்படி இழந்துவிடக் கூடாது. அதற்கு அடுத்து நிற்கும் மருந்துகள் ஊசியாகவும் விலை கூடியவையாகவும் இருக்கின்றன. பொன்னமராவதியிலிருந்தோ மணமேல்குடியிலிருந்தோ பெரிய மருத்துவமனைக்கு வந்து படுத்தால்தான் கிடைக்கும்.

பென்சிலின் குடும்பத்துக்கு எதிர்ப்பு என்பது உண்டு, இல்லை என்று இரண்டே நிலையில் நிற்பதில்லை. படிப்படியாக ஏறும். ஓரளவு எதிர்ப்பு வந்துவிட்ட நிமோகாக்கஸை, நுரையீரலில் என்றால், போதுமான அளவு அமாக்சிசிலின் கொடுத்து இன்னும் வெல்லலாம். மூளையுறைக்கு மருந்து குறைவாகவே போய்ச் சேரும் என்பதால் அங்கே அதே கிருமி தப்பிவிடும். எனவே அளவு மிக முக்கியம். குழந்தையின் எடைக்கேற்ப மருத்துவர் கணக்கிட்டு எழுதிய அளவை வீட்டுக் கரண்டியால் ஊற்றினால் பாதியும் போகலாம், இரட்டிப்பும் ஆகலாம். பாட்டிலோடு வரும் அளவுமூடியையோ ஊசிக்குழலையோ பயன்படுத்த வேண்டும். தூளில் தண்ணீர் கலக்கும்போது பாட்டிலில் உள்ள கோடுவரை மட்டும், ஆறவைத்த நீர். அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மருந்தைக் கலந்த பின் குளிரில் வைத்து 7 நாளுக்குள் முடித்து, மீதியைக் கொட்டிவிட வேண்டும். அடுத்த சளிக்கு ஆகும் என்று அலமாரியில் எடுத்து வைத்த பாட்டில் வீரியம் இழந்தது; கிருமியைக் கொல்லாது, மருந்தைப் பழக மட்டும் வாய்ப்புக் கொடுக்கும்.

மருந்துக்கடையில் அமாக்சிசிலினைவிட இன்று அதிகம் புழங்கும் பெயர் அசித்ரோமைசின். இந்தியாவின் தனியார் சந்தையில் 2019இல் விற்ற ஆன்டிபயாடிக்குகளைக் கணக்கெடுத்து 2022இல் வெளியான ஆய்வில், முதலிடம் அசித்ரோமைசின் 500 மில்லிகிராம் மாத்திரைக்கு. அடுத்த இடம் செஃபிக்ஸைம் 200 மில்லிகிராமுக்கு. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 'கவனித்துப் பயன்படுத்த வேண்டியவை' என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அமாக்சிசிலினோ 'எப்போதும் கைக்கெட்ட வேண்டியவை' பட்டியலில் இருக்கிறது. நம் சந்தை அந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறது.

அசித்ரோமைசினை மக்கள் விரும்புவதற்குக் காரணம் தெரிந்ததுதான். நாளைக்கு ஒரே வேளை, மூன்று நாளில் முடிந்துவிடும். ஆனால் மருந்து உடம்பைவிட்டு மூன்று நாளில் போவதில்லை. திசுக்களில் தங்கிப் பல நாட்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். கொல்லும் அளவுக்குக் குறைவாக, தாக்குப்பிடிக்கும் வகைகளைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு மட்டும் இருக்கும் அந்த நாட்கள்தான் ஆபத்து. பெல்ஜியத்தில் நலமாக இருந்த 224 பேருக்கு அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் அல்லது வெற்று மருந்து கொடுத்துப் பார்த்த சோதனை 2007இல் வெளிவந்தது. மருந்து சாப்பிட்டவர்களின் தொண்டையில் எதிர்ப்புள்ள பாக்டீரியாக்கள் சில நாட்களிலேயே பெருகின. ஆறு மாதம் கழித்தும் அதன் சுவடு மறையவில்லை. மூன்று நாள் மருந்துக்கு ஆறு மாதத் தடம்.

'கோர்ஸை முழுசா முடிக்கணும்' என்று நமக்கெல்லாம் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தச் சொல் இன்று திருத்தி வாசிக்கப்படுகிறது. இந்தியாவின் 7 இடங்களில் 2,188 குழந்தைகளிடம், சாதாரண நிமோனியாவுக்கு அமாக்சிசிலின் 3 நாள் போதுமா, 5 நாள் வேண்டுமா என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2004இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. இரு பிரிவிலும் குணமானவர்கள் ஏறத்தாழ 90 விழுக்காடு. 5 நாள் கொடுத்த பிரிவில் மூக்குக் கிருமிகளிடம் எதிர்ப்பு கூடியிருந்தது. தேவைக்கு மேல் ஒவ்வொரு நாளும் கிருமிக்குப் பயிற்சி நாள்தான். இதற்காகப் பெற்றோர் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. எத்தனை நாள் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மூன்று நாள் என்றால், பலம் போதாது என்று ஐந்து நாளைக்கு வாங்காதீர்கள்.

சரி, யாருக்கு வேண்டும் யாருக்கு வேண்டாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? குறிசொல்லும் இயந்திரம் எதுவும் வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் பாப்புவா நியூ கினியின் மலைப்பகுதியில் வேலை செய்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும், எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் இல்லாத இடத்தில் எந்த அறிகுறி உதவும் என்று தேடினார்கள். மூச்சின் வேகமும் நெஞ்சு குழிவதும் கைகொடுத்தன. அதன்மேல் எழுந்ததே உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிறந்து 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 மூச்சு அல்லது அதற்கு மேல். 2 மாதம் நிறைந்தது முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயது முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல். இந்த அளவை எட்டினால் நிமோனியா என்று எண்ணி மருத்துவரிடம் போக வேண்டும்.

எண்ணுவதற்கு முறை உண்டு. பிள்ளை அழக் கூடாது, பால் குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. மடியில் அமைதியாக இருக்க வேண்டும், தூங்கினால் இன்னும் நல்லது. சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் தவறும். குழந்தையின் மூச்சு ஒரே சீராக இருக்காது. கைபேசியில் நேரம் ஓடட்டும், கண் வயிற்றின் மேல் இருக்கட்டும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் அன்றே மருத்துவமனைக்கு. பால் குடிக்க முடியாமல் போனாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தாலோ, வலிப்பு கண்டாலோ, எழுப்பினாலும் கண் திறக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. 108ஐ அழைக்க வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சு வேகமானாலும் அப்படியே.

இந்தக் கணக்கு கச்சிதமானதல்ல. வேகமாக மூச்சு விடும் பிள்ளைகளில் பலருக்கு வைரஸ்தான் காரணம். இளைப்பு உள்ள பிள்ளையும் வேகமாகத்தான் மூச்சு விடும். கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் 4,002 குழந்தைகளிடம் நடந்து 2020இல் வெளியான சோதனையில், நெஞ்சு குழியாமல் மூச்சு மட்டும் வேகமாக இருந்தவர்களில் வெற்று மருந்து பெற்றவர்களுக்கு 4.9 விழுக்காடும் அமாக்சிசிலின் பெற்றவர்களுக்கு 2.6 விழுக்காடும் சிகிச்சை பலிக்கவில்லை. பெரும்பாலோர் எப்படியும் தேறினார்கள். ஆனாலும் அந்தச் சிறு வித்தியாசத்தில் இருப்பவை உயிர்கள். வேகமூச்சுக்கு அமாக்சிசிலின் கொடுப்போம். வேகமூச்சு இல்லாத வெறும் சளி இருமலுக்கு எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். இந்த ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டால் மருந்துச் செலவில் பெரும்பகுதி குறையும். அந்த வெறும் சளிக்குத் தாய்ப்பால், கஞ்சி, வெதுவெதுப்பான நீர், மூக்கில் உப்புநீர்ச் சொட்டு, காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், ஒரு வயது கடந்த பிள்ளைக்குக் கொஞ்சம் தேன் போதும்.

மருந்தைக் காப்பாற்றும் இன்னொரு வழி, கிருமி மூக்கில் குடியேறவே விடாமல் தடுப்பது. நிமோகாக்கஸுக்கான தடுப்பூசி 2021 முதல் தமிழகத்தில் அரசுத் திட்டத்தில் இலவசம். ஒன்றரை மாத ஊசி, மூன்றரை மாத ஊசி, ஒன்பது மாத ஊசி என்று தாய்மார் சொல்லும் அதே நாட்களில் இதுவும் சேர்ந்துவிட்டது. நிமோனியாவின் இன்னொரு காரணமான ஹிப் கிருமிக்கு எதிரான ஐந்து-நோய் ஊசியை 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தொடங்கியவை தமிழகமும் கேரளமும். அமெரிக்காவில் நிமோகாக்கஸ் தடுப்பூசி 2000இல் வந்தபின், இரண்டு வயதுக்குட்பட்டோரிடம் பென்சிலினுக்கு அடங்காத கடும் நிமோகாக்கஸ் நோய் 1999க்கும் 2004க்கும் இடையில் 81 விழுக்காடு குறைந்தது. எந்தப் புது மருந்தும் இப்படிச் செய்ததில்லை. தடுப்பூசியில் இல்லாத 19ஏ என்ற வகை பின்னால் தலைதூக்கியது. இன்று நம் குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளில் அதுவும் அடக்கம்.

புகையையும் சொல்லாமல் விட முடியாது. தஞ்சாவூர் சாலையில் ஆதனக்கோட்டை வழியே போனவர்களுக்கு, முந்திரிக்கொட்டை வறுக்கும் பெண்களும் கண்ணைக் கரிக்கும் அந்தப் புகையும் நினைவிருக்கும். வேறு போக்கிடம் இல்லாமல் கைக்குழந்தையும் பக்கத்திலேயே இருக்கும். வீட்டில் விறகடுப்பு, கல்குவாரி ஓரத்தில் தூசி. சுவாசப் பாதையில் கிருமியைத் துடைத்து வெளியேற்றும் நுண்முடிகளைப் புகை செயலிழக்க வைக்கிறது. அங்கே ஒரு புகைபோக்கியும் தள்ளி ஒரு தொட்டிலும் வைத்தால் அதுவும் நிமோனியாத் தடுப்புதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. செஃபிக்ஸைம் போன்றவற்றை எச்1 பட்டியலில் சேர்த்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2014 மார்ச் 1 முதல் விதி இருக்கிறது. அட்டையில் உள்ள சிவப்புக்கோட்டைப் பாருங்கள் என்று 2016இல் மத்திய அரசு பிரச்சாரம் செய்தது. கேரளம் 2024 தொடக்கத்திலிருந்து மருந்துக்கடைகளில் திடீர் சோதனை நடத்துகிறது. இங்கும் அது வேண்டும். ஆனால் கடைக்காரரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. வெறும் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். எழுதாத மருத்துவரைக் 'கைராசி இல்லாதவர்' என்று விட்டுவிட்டு அடுத்த கிளினிக்குக்குப் போகும் நாமும் இருக்கிறோம்.

நம்பிக்கைக்கு இடமிருக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறப்பது 1990க்கும் 2021க்கும் இடையில் உலக அளவில் பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. தடுப்பூசி, சுத்தமான நீர், கழிப்பிடம் ஆகியவற்றுக்கு அதில் பெரும்பங்கு. முதியவர்களிடம் அதே காலத்தில் இறப்பு ஏறியிருக்கிறது.

1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் கல்குவாரிகளிலும் களத்துமேடுகளிலும் இரவு விளக்கில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகினார்கள். அப்படிக் கற்றவர்களின் பேத்திகள் இன்று கையில் பிள்ளையோடும் கைபேசியோடும் இருக்கிறார்கள். மூச்சை எண்ண அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பிற்பகல் போதும். மாவட்ட நிர்வாகமும் சுகாதாரத் துறையும் அடுத்த ஐப்பசிக்குள் எல்லா அங்கன்வாடியிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் அதைச் செய்ய வேண்டும். 60, 50, 40 என்ற மூன்று எண்களையும் அங்கன்வாடிச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.